டிக்கெட் காசை மீட்கப் போகாதீர்கள்

கேள்வி: போன விடுமுறையில் ஒரு பெரிய தீம் பார்க்குக்குப் போனோம். நான், கணவர், 9 வயது மகன், 4 வயது மகள், 66 வயது மாமியார். பல மாதம் சேர்த்த பணம் என்பதால் காலையில் திறந்ததிலிருந்து இரவு மூடும்வரை உள்ளேயே இருந்தோம். மகன் ஆசைப்பட்ட ரோலர் கோஸ்டருக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். உயரம் போதாது என்று கடைசியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகள் மதியத்துக்கு மேல் அழுதுகொண்டே இருந்தாள். மாமியார் முட்டிவலியோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இரவு அறைக்குத் திரும்பியபோது நானும் கணவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. இந்த ஆண்டு மறுபடி போகலாம், விட்டதைப் பிடிக்கலாம் என்கிறார் கணவர். எங்கே தவறினோம்? எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்? மாமியாரை இந்த முறை விட்டுவிட்டுப் போவது நல்லதா?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நான் அடிக்கோடு போட்டது ஒரே ஒரு இடத்தில்தான்: ‘விட்டதைப் பிடிக்கலாம்.’ உங்கள் கணவர் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் போன தடவை உங்கள் நாளைக் கெடுத்ததும் இந்த எண்ணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வாசலில் கொடுத்த காசை இரவுக்குள் வசூல் செய்துவிட வேண்டும் என்று ஐந்து பேரும் ஓடியிருக்கிறீர்கள். நாலு வயதுக் குழந்தைக்கும் முட்டிவலிக்காரருக்கும் அந்தக் கணக்கு எப்படிப் புரியும்?

நான் ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில் பதினோரு ஆண்டு வேலை பார்த்திருக்கிறேன். முதலில் ரைடு வாசலில் குழந்தைகளின் உயரம் அளக்கும் வேலை, பிறகு வருகையாளர் உதவி மேசை. இப்போது குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுத் தருகிறேன். உதவி மேசையில் இருந்தவரை எனக்குக் கடிகாரமே தேவைப்பட்டதில்லை. காலையில் வருபவர்கள் வழி கேட்பார்கள். பன்னிரண்டு மணிக்கு வருபவர்கள் சாப்பிட இடம் கேட்பார்கள். மூன்று மணி ஆனால் வருகிற முகங்களே மாறிவிடும். தோளில் தூங்கிப்போன குழந்தை, கையில் அதன் ஒற்றைச் செருப்பு, இரண்டடி தள்ளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும் கணவரோ மனைவியோ. கேள்வியும் ஒன்றுதான்: “வெளியே போயிட்டு மறுபடி உள்ளே வரலாமா?” வரலாம் என்று சொன்னாலும் பாதிப் பேர் போகமாட்டார்கள். “இவ்வளவு கொடுத்து வந்துட்டு ரூம்ல போய்த் தூங்கறதா?” என்று திரும்பி அதே வெயிலுக்குள் நடப்பார்கள்.

போய்த் தூங்குங்கள் என்பதுதான் என் பதில்.

இதை ஓய்வு நல்லது என்ற பொது உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டத்தின் கணக்கு அப்படி. எந்தப் பெரிய பூங்காவிலும் திறந்த முதல் ஒரு மணி நேரமும் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் வரிசை குறைவாக இருக்கும். பதினொன்றிலிருந்து நாலுவரை நெரிசல் உச்சம். அந்த நேரத்தில் மூன்று மணி நேரம் உள்ளே கிடந்தால் இரண்டு பெரிய ரைடு ஏறுவீர்கள். காலையில் வாசல் திறக்கும்போது அங்கே நின்றிருந்தால் அதே இரண்டை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஒரு மணிக்கு வெளியேறி, குழந்தையைத் தூங்கவைத்து, நாலரைக்குத் திரும்பி வந்தால் நீங்கள் இழப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

அறை தூரம் என்றாலோ, மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்றாலோ இன்னொரு வழி உண்டு. குளிர்சாதன அரங்கில் நடக்கும் நிகழ்ச்சிகளை எல்லாரும் மாலைக்கு ஒதுக்குவார்கள். நீங்கள் உச்சி வெயிலுக்கு ஒதுக்குங்கள். அரை மணி நேரம் இருட்டில், குளிரில், நாற்காலியில். பாதி அரங்கம் தூங்கிக்கொண்டிருப்பதை மேடையில் இருப்பவர்களே பார்த்துப் பழகிவிட்டார்கள். மறு நுழைவு உண்டா, கையில் முத்திரை வாங்க வேண்டுமா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பூங்காவுக்குப் பூங்கா இது மாறும்.

காலை என்றேன் அல்லவா? பத்து மணிக்குத் திறக்கிறார்கள் என்றால் பத்து மணிக்கு வாசலில் இருப்பது தாமதம். பை சோதனைக்கு ஒரு வரிசை, டிக்கெட் ஸ்கேனுக்கு ஒரு வரிசை. ஒன்பதே காலுக்கு அங்கே இருக்க வேண்டும், சாப்பிட்டு முடித்து. முந்தின நாள் நள்ளிரவு ஊர் போய்ச் சேர்ந்து, மறுநாள் காலையில் பூங்கா என்று திட்டம் போட்டுக்கொண்டு வருபவர்களிடம் நான் சண்டையே போடுவேன். வந்த நாளுக்கும் பூங்கா நாளுக்கும் நடுவில் ஒரு முழுத் தூக்கம் வேண்டும். இரண்டு நாள் டிக்கெட் என்றால் நடுவில் ஒரு நாள் சும்மா இருங்கள். நீச்சல்குளம் இருந்தால் பிள்ளைகளுக்கு அந்த நாளே பிடித்துப்போகும், சொல்லிவைக்கிறேன்.

எந்தத் தேதியில் போகிறீர்கள் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். நம் வீட்டுப் பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்து எல்லாரும் தேதி குறிக்கிறோம். பார்க்க வேண்டியது அந்தப் பூங்காவுக்கு வரும் கூட்டத்தின் விடுமுறையை. 2006 சீனப் புத்தாண்டு சமயத்தில் ஹாங்காங் டிஸ்னிலேண்டில் நடந்ததை எங்கள் தொழிலில் இன்றும் உதாரணமாகச் சொல்வார்கள். ஹாங்காங்கில் விடுமுறை முடிந்து அலுவலகங்கள் திறந்தாயிற்று. ஆனால் சீனப் பெருநிலத்தில் விடுமுறை இன்னும் முடியவில்லை. அங்கிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எந்த நாளும் பயன்படுத்தலாம் என்ற டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே, உள்ளே இடமில்லை என்று கதவை மூட வேண்டியதாயிற்று. சிலர் கம்பிக் கதவின் மேல் ஏறினார்கள். இன்று பல பெரிய பூங்காக்கள் தேதி குறித்துத்தான் டிக்கெட் விற்கின்றன, அன்றைய கூட்டத்துக்குத் தகுந்தபடி விலையையும் வைக்கின்றன. அதில் உங்களுக்கு ஒரு இலவசத் தகவல் இருக்கிறது: மாதம் முழுவதற்கும் விலைப்பட்டியலை விரித்துப் பாருங்கள். எந்த நாள் மலிவோ அந்த நாள் கூட்டம் குறைவாக இருக்கும் என்று பூங்காவே எதிர்பார்க்கிறது.

உறவினர் சொல்லும் ரகசியங்களை நம்பி மோசம் போகிறவர்களும் உண்டு. “உள்ளே போனதும் ஒரு சீட்டு எடுத்துக்கோங்க, வரிசையே கிடையாது” என்பார் ஒருவர். அவர் சொல்வது டிஸ்னி பூங்காக்களில் 1999-ல் வந்த இலவச ஃபாஸ்ட்பாஸ் திட்டத்தை. அமெரிக்காவில் இருக்கும் டிஸ்னி பூங்காக்களில் அது போய், 2021-லிருந்து காசு கட்டி வாங்கும் முறை வந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன்னால் போய்வந்தவரின் யோசனை, எவ்வளவு அன்போடு சொன்னாலும், பழைய ரயில் அட்டவணை மாதிரிதான். போகிற வாரத்தில் பூங்காவின் சொந்தச் செயலியைப் பாருங்கள். எந்த ரைடு பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்று அதில் போட்டிருப்பார்கள். மகன் மூன்று மாதமாகக் கனவு கண்டுகொண்டிருக்கும் ரைடு சாரத்துணி போர்த்தி நிற்பதை வாசலில் வந்து பார்ப்பதைவிட வீட்டிலேயே தெரிந்துகொள்வது மேல்.

காசு கட்டி விரைவு வரிசை வாங்கலாமா என்று கேட்பீர்கள். கூட்ட நாள், ஒரே ஒரு நாள்தான் இருக்கப் போகிறீர்கள், பெரிய ரைடு ஏறுகிற வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் வாங்கலாம். சாதாரண வேலை நாளில் வேண்டாம். நாலு வயது மகளுக்கும் மாமியாருக்கும் சேர்த்து வாங்குவது எந்த நாளிலும் வீண், அவர்கள் ஏறும் ரைடுகளுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

புதிதாகத் திறந்த ரைடுக்கு முதல் மாதமே ஓடுவதும் வேண்டாம். 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, கடைசி நேரத்தில் போட்ட தார் வெயிலில் இளகிப் பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் வரவில்லை. போலி அழைப்புச்சீட்டு வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் உள்ளே நுழைந்துவிட்டார்கள். வால்ட் டிஸ்னியே நேரில் நின்று நடத்திய திறப்பு விழா அது. அவருக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களைச் சொல்லவே வேண்டாம். புது ரைடு முதல் சில வாரம் அடிக்கடி நிற்கும், பழுது பார்ப்பார்கள், மறுபடி ஓடும். அந்த வரிசையில் நிற்கும் நேரம் யாருக்கும் திரும்பக் கிடைப்பதில்லை.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். இது எனக்கு நெருக்கமான விஷயம்.

உயரம் அளக்கும் கம்பத்துக்குப் பக்கத்தில் நான் மூன்று ஆண்டு நின்றிருக்கிறேன். ஒருநாள் ஒரு அப்பாவும் பையனும் வந்தார்கள். பையன் வழக்கத்துக்கு மாறாக, முட்டி மடக்காமல், பொம்மை மாதிரி நடந்து வந்தான். கோட்டை மயிரிழையில் தொட்டுவிட்டான். ஷூவைக் கழற்றச் சொன்னேன். உள்ளே பூங்காவின் வரைபடம், எட்டாக மடித்து, இரண்டு குதிகாலுக்கும் அடியில். “ரெண்டு சென்டிமீட்டர்தானே சார்” என்றார் அப்பா. பையன் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை, அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அன்று ரைடு போனது மட்டும்தானா போனது?

அந்த இரண்டு சென்டிமீட்டர் ஒரு எழுத்தரின் பிடிவாதம் இல்லை. இருக்கையின் ஆழம், இடுப்புக் கம்பி வந்து அமரும் இடம், தோள் கவசத்தின் உயரம் எல்லாம் ஒரு குறிப்பிட்ட உடலளவுக்கு மேல்தான் சரியாகப் பிடிக்கும். ஒரே கம்பி இரண்டு பேரைப் பிடிக்கிற ரைடுகளில் இன்னொன்றும் உண்டு: கம்பி பெரியவரின் தொடையிலோ வயிற்றிலோ இடித்து நின்றுவிடும், பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று ஊழியர் சொன்னால் அப்படியே கேளுங்கள். குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே, கிளம்புவதற்கு முன்பே வீட்டுச் சுவரோரம் மகனை வெறுங்காலோடு நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். போன ஆண்டின் அளவு உதவாது, வளர்ந்திருப்பான். ஒவ்வொரு ரைடுக்கும் உயர வரம்பு பூங்காவின் தளத்தில் இருக்கும். பல இடங்களில் 102 சென்டிமீட்டர், 122 சென்டிமீட்டர் என்பவை அடிக்கடி வரும் எல்லைகள். கடுமையான ரோலர் கோஸ்டர்களுக்கு அதற்கும் மேலே. சிலவற்றில் இரண்டு வரம்பு உண்டு: ஒன்று பெரியவர் துணையோடு ஏற, இன்னொன்று தனியாக ஏற. எதில் ஏறலாம், எதில் இந்த ஆண்டு ஏற முடியாது என்று மகனும் நீங்களும் உட்கார்ந்து இரண்டு பட்டியல் போடுங்கள். ‘முடியாது’ என்பதை வீட்டில் கேட்டால் பத்து நிமிடம் முகம் வாடும். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, பின்னால் நூறு பேர் பார்க்கும்போது கேட்டால் அந்த நாளே போய்விடும். உங்களுக்குப் போனது.

ஐந்து பேரும் நாள் முழுவதும் ஒன்றாகவே சுற்ற வேண்டும் என்று நினைத்ததும் தவறு. அப்படிச் சுற்றினால் குழுவில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவருடைய வேகத்தில்தான் மகன் போக வேண்டும், மகன் ஏறும் ரைடு வாசலில்தான் மகள் நிற்க வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் பிரிந்துவிடுங்கள். கணவரும் மகனும் ஒரு பக்கம், நீங்களும் மகளும் மாமியாரும் ஒரு பக்கம். பிறகு சாப்பாட்டுக்குச் சேருங்கள். பெற்றோர் இருவருக்குமே பெரிய ரைடில் ஏற ஆசை என்றால் மாற்றிக்கொள்ளும் வசதியைக் கேளுங்கள். டிஸ்னி பூங்காக்களில் ரைடர் ஸ்விட்ச், யுனிவர்சலில் சைல்டு ஸ்வாப் என்பார்கள். ஒருவர் வரிசையில் நின்று ஏறிவிட்டு வந்ததும், குழந்தையோடு காத்திருந்த மற்றவர் மறுபடி முழு வரிசை நிற்காமல் ஏறலாம். பல நேரம் மகனும் இரண்டாவது தடவை கூடவே போகலாம், அவனுக்குக் கொண்டாட்டம். நுழைவாயில் ஊழியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். ஏறி இறங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. இந்த வசதி இருப்பது தெரியாமல் அம்மா ஒருவர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டே ஒரு நாளைக் கழித்துவிடுவதை வாரத்துக்கு நாலு முறையாவது பார்ப்பேன். அம்மாதான், பெரும்பாலும்.

பிரிந்து போகும்போது சேரும் இடத்தையும் நேரத்தையும் வாயால் சொல்லிக்கொள்ளுங்கள். “போன் பண்றேன்” என்பது திட்டம் ஆகாது. கூட்டத்தில் சிக்னல் திணறும், செயலியைப் பார்த்துப் பார்த்து மதியத்துக்குள் பேட்டரி தீரும். டிக்கெட்டுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பவர் பேங்க் போதும், ஆனால் முந்தின இரவு அதைச் சார்ஜ் போட வேண்டும். சிரிக்காதீர்கள், காலியான பவர் பேங்கோடு வந்தவர்களை எண்ணி முடியாது.

நாலு வயதுக்காரிக்குத் தள்ளுவண்டி அவசியம். வீட்டில் அவள் ஓடி ஆடுகிறாள், வண்டியை விட்டு ஒரு வருடம் ஆயிற்று என்பீர்கள். பெரிய பூங்காவில் ஒரு நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சாதாரணம். உங்கள் காலுக்குப் பத்து என்றால் அவள் காலுக்கு எவ்வளவு என்று யோசியுங்கள். வாடகைக்கே கிடைக்கும். தூங்கும் இடமாகவும் பை மாட்டும் இடமாகவும் அது ஆகிவிடும். வரிசையில் கொண்டுபோக முடியாது, குறித்த இடத்தில் நிறுத்தச் சொல்வார்கள். எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருப்பதால் பளிச்சென்ற ஒரு துணியைக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள்.

அவள் பயத்தையும் கணக்கில் எடுங்கள். அவளுக்குப் பயம் உயரத்தில் இருக்காது. இருட்டு, திடீர்ச் சத்தம், பெரிய தலை வைத்த வேடப் பாத்திரம் கிட்டே வருவது, இவைதான். படத்தில் நேசித்த பாத்திரம் ஆறடி உயரத்தில் நேரில் வந்து நின்றால் அலறுகிற குழந்தைகள் ஏராளம். போட்டோவுக்காக இழுத்துப் பிடிக்காதீர்கள். நீங்கள் முதலில் போய்க் கை கொடுங்கள், அவள் தூரத்திலிருந்து பார்க்கட்டும். வந்தால் வருவாள். ஒரு சின்ன ராட்டினத்திலேயே ஏழு தடவை ஏறுவேன் என்றால் ஏறட்டும். ‘வந்ததுக்கு இதுவா?’ என்று டிக்கெட் கணக்கு அப்போது மனதில் ஓடும். ஓடினால் ஓடட்டும்.

தொலைந்து போவது பற்றி ஒரு வார்த்தை. காலையில் வாசலில் மகளை அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுங்கள். என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் எந்தப் பெற்றோருக்கும் நினைவு வராது, உதவி மேசையில் இது எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் போன் எண்ணை அவள் கைப்பட்டையில், உள்பக்கமாக எழுதுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். ‘அம்மா’ என்று மட்டும் தெரிந்த குழந்தைக்கு உங்கள் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். தொலைந்தால் தேடிப் போகாமல் நின்ற இடத்திலேயே நின்று சத்தமாகக் கூப்பிட வேண்டும், பெயர்ப் பட்டை குத்திய ஊழியரிடம்தான் பேச வேண்டும். உள்ளே நுழைந்ததும் அந்தப் பட்டை எப்படி இருக்கும் என்று ஒரு ஊழியரைக் காட்டிவிடுங்கள்.

வரிசையில் நிற்பதைத் தவிர்க்கவே முடியாது, ஆனால் அதைத் தாங்கலாம். மேலாண்மை அறிஞர் டேவிட் மைஸ்டர் 1985-ல் காத்திருப்பதைப் பற்றி எழுதியது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம்: சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளமாகத் தெரியும். அதனால்தான் வரிசை வளைந்து வளைந்து போகிறது, சுவரில் பார்க்க ஏதாவது வைக்கிறார்கள், எத்தனை நிமிடம் என்று பலகை வைக்கிறார்கள். அந்தப் பலகையில் பல இடங்களில் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்கள், சீக்கிரம் வந்துவிட்டோம் என்று நீங்கள் மகிழ்வதற்காக. வரிசைக்குள் நுழையும் முன் கழிப்பறை, தண்ணீர் இரண்டையும் முடித்துக்கொள்ளுங்கள். வார்த்தை விளையாட்டு எதையாவது வரிசைக்கென்றே ஒதுக்கி வையுங்கள். போனை முதல் நிமிடமே கையில் கொடுத்துவிட்டால் கடைசி இருபது நிமிடத்துக்கு உங்களிடம் ஆயுதம் இருக்காது. பூங்காவுக்குள் வேடப் பாத்திரங்களின் ஊர்வலம் நடக்கும்போது ரைடு வரிசைகள் சுருங்கும். சாப்பாட்டை பதினொன்றரைக்கு முன் முடியுங்கள்.

தலைசுற்றல், வாந்தி. உள்காது சொல்லும் அசைவும் கண் பார்க்கும் அசைவும் ஒத்துப்போகாதபோது வருவது இது. 6 முதல் 12 வயதுக்குள் அதிகம், ஆக உங்கள் மகன் சரியாக அந்த வயதில் இருக்கிறான். சாப்பிட்டவுடன் சுழலும் ரைடு வேண்டாம். திரையைப் பார்த்தபடி இருக்கை மட்டும் ஆடும் ரைடில் குமட்டினால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள், பெரும்பாலும் தணியும். ஊஞ்சல் கப்பலில் இரண்டு முனையும் மிக உயரம் போகும், பயந்தவர்களுக்கு நடு இருக்கை. ரோலர் கோஸ்டரில் கடைசிப் பெட்டி உச்சியை வேகமாகத் தாண்டி இழுபடும். நடுப்பெட்டி சாது.

புதுச் செருப்பும் நனைந்த காலுறையும் சேர்ந்தால் கொப்புளம் நிச்சயம். தண்ணீர் ரைடை அறைக்குக் கிளம்புவதற்கு முன் கடைசியாக வையுங்கள், அல்லது மாற்றுக் காலுறை கொண்டுபோங்கள். சன்ஸ்கிரீன் காலையில் ஒரு தடவை போட்டால் தீராது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நனைந்தால் உடனே.

பொம்மைக் கடை. ரைடிலிருந்து இறங்கும் வழி கடைக்குள் புகுந்து வெளியே வருவது தற்செயல் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் ‘வேண்டாம்’ சொல்லிச் சொல்லி உங்கள் குரல் போவதற்குப் பதில், காலையிலேயே மகன் கையில் ஒரு தொகையைக் கொடுத்து, இன்று முழுவதற்கும் இவ்வளவுதான், மாலையில்தான் வாங்கலாம் என்று சொல்லிவிடுங்கள். சொந்தக் காசு என்றால் குழந்தைகள் கஞ்சர்களாகிவிடுவதைக் கண்ணால் பார்ப்பீர்கள்.

இரவு பற்றி. போன தடவை நீங்கள் சோர்ந்து, கோபித்து, கடைசி வரிசையில் நின்று முடித்தீர்கள். நினைவு எப்படி வேலை செய்கிறது என்று உளவியலாளர் டேனியல் கானமன் குழு 1993-ல் ஒரு சோதனை செய்தது. 14 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அதே ஒரு நிமிடம், அதற்கு மேல் அரை நிமிடம், ஆனால் அந்த அரை நிமிடத்தில் நீர் ஒரு டிகிரி மட்டும் சூடாக்கப்பட்டது. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதையே கேட்டார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால் மொத்தமும் அப்படியே மனதில் நின்றுவிட்டது. அதனால் நல்லதாக ஒன்று முடிந்த கையோடு கிளம்பிவிடுங்கள், இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தாலும். வாணவேடிக்கை முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடுவார்கள். ஓடாதீர்கள். அருகில் ஒரு பெஞ்சில் இருபது நிமிடம் உட்கார்ந்து, யாருக்கு எது பிடித்தது என்று கேட்டுக்கொண்டிருங்கள். கூட்டம் தானாக வடியும்.

கடைசியாக, உங்கள் மாமியார். விட்டுவிட்டுப் போவது நல்லதா என்று என்னிடம் கேட்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? வரவில்லை என்று அவரே சொன்னால் அதோடு சரி. ஆனால் போன தடவை வலி தந்தது பூங்கா இல்லை, தூரம். எங்கள் மேசைக்கு ஒரு பாட்டியை அழைத்து வந்தார்கள். சக்கர நாற்காலி என்றதும் “நான் என்ன நடக்க முடியாதவளா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னோடு வேலை செய்த பெண், “இது நடக்க முடியாதவங்களுக்கு இல்லை பாட்டி, நாள் முழுக்கச் சுத்தப் போறவங்களுக்கு” என்றாள். பாட்டி யோசித்தார். மாலையில் திருப்பிக் கொடுக்க வந்தபோது மடியில் நாலு பேருடைய பை, கைப்பிடியில் இரண்டு பலூன், பின்னால் தள்ளும் உரிமைக்குச் சண்டை போடும் இரண்டு பேரப்பிள்ளைகள்.

பெரிய பூங்காக்களில் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் எண்ணிக்கை குறைவு, காலையிலேயே தீர்ந்துவிடும். முன்பதிவு உண்டா என்று கேளுங்கள். முட்டிவலிக்காரர் ஏற முடிந்த படகு, ரயில், அரங்க நிகழ்ச்சிகளை வரைபடத்தில் குறித்து அவரிடமே கொடுங்கள், எதைப் பார்க்கலாம் என்று அவர் சொல்லட்டும். நாற்காலிப் பேச்சை அன்று காலை வாசலில், ஊழியர் முன்னால் எடுக்காதீர்கள். இந்த வாரமே வீட்டில், உங்கள் கணவர் எடுக்கட்டும்.